பால் மறக்கும் வாரங்கள்

தாய்ப்பாலிலிருந்து சோற்றுக்கு மாறும் ஐந்து வாரங்கள்தான் நாய்க்குட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இரக்கத்தோடு வைக்கும் ஒரு கிண்ணம் பசும்பால் அதற்கு உதவுவதில்லை.

கன்னி மாதம் நாய்களுக்கு என்ன மாதம் என்று கேரளத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழ்க் கணக்கில் அது புரட்டாசி. நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள். விரலை மடக்கி எண்ணினால், நவம்பர் நடுவில் பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர் இழுக்கும் நாள்களை ஒட்டி முதல் ஈற்றுகள் வரும். விசுவநாத சுவாமி தேர் நிலைக்கு வந்து ஊர் அடங்கி, மார்கழி பிறந்து, கணவாய் வழியே கிழக்குக் காற்று வீசத் தொடங்கும் வேளையில் அந்தக் குட்டிகள் கண் திறந்து, கால் ஊன்றி, தாயின் மடியை விட்டுத் தெருவை எட்டிப் பார்க்கின்றன.

காசியில் பாதி கல்பாத்தி என்பார்கள். பாரதப்புழையின் கிளையான கல்பாத்திப் புழையின் கரையில், சுவரோடு சுவர் ஒட்டி, திண்ணையோடு திண்ணை தொட்டு நிற்கும் அக்ரஹார வீடுகள். பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டதால் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உண்டு. குட்டி போட இடம் தேடும் பெட்டை நாய்க்கு இப்படிப்பட்ட தெருவை விட வேறு என்ன வேண்டும்? மழை படாத மூலை, ஆள் நடமாட்டம், வேளாவேளைக்கு மிஞ்சும் சோறு எல்லாம் அங்கே இருக்கின்றன.

சிக்கல் பிறகுதான் தொடங்குகிறது. மூன்றாவது வாரத்தில் குட்டிகள் கத்த ஆரம்பிக்கும். ஈரமனசுள்ள யாரோ ஒருவர் கிண்ணத்தில் பால் ஊற்றி வைப்பார். குட்டிகள் முண்டியடித்துக் குடிக்கும். பார்க்கிறவர்களுக்கு வயிறு நிறைந்தாற்போல் இருக்கும். மறுநாள் குட்டிகளின் பின்பக்கம் நனைந்திருக்கும், இரண்டாம் நாள் கழிசல், நான்காம் நாள் ஒன்று குறையும். 'தெருநாய்க் குட்டிதானே, பிழைக்காது' என்று ஊர் அதை மறந்துவிடும். கல்பாத்தி என்றில்லை, கன்னியாகுமரி முதல் கொல்கத்தா வரை நாய் குட்டி போடும் எல்லாத் தெருக்களிலும் இதே கதைதான்.

குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவதைத் தமிழர்கள் அன்னப்பிராசனம் என்கிறார்கள், மலையாளிகள் சோறூணு என்கிறார்கள். ஆறாம் மாதத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குருவாயூர் போகாத பாலக்காட்டுக் குடும்பம் குறைவு. மனிதக் குழந்தைக்கு ஆறாம் மாதம் எப்படியோ, நாய்க்குட்டிக்கு நான்காவது வாரம் அப்படி. பால்குடி மறக்கும் பருவம் அது. தொல்காப்பியம் மரபியலில் நாயின் இளமைப் பெயராகச் சொல்லும் சொல் 'குருளை'. பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டிகளுக்கும் அதே பெயர்தான். நான்கில் நாயின் குருளை மட்டுமே மனிதன் வாசலில் பால் மறக்கிறது. அது என்ன தின்னும், எத்தனை நாள் இருக்கும் என்பதெல்லாம் வாசலுக்கு உள்ளே இருப்பவர் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

இதற்குக் கணக்கே எடுத்திருக்கிறார்கள். மேற்கு வங்காளத்தின் மோகன்பூரில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டது. ஐந்து ஆண்டுகள், ஏழு பகுதிகள், 95 ஈற்றுகள், 364 குட்டிகள். இனப்பெருக்க வயதை எட்டியவை சுமார் 19 சதவீதம், அதாவது ஐந்துக்கு ஒன்று. இறந்தவற்றில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்களே காரணம் என்று 2016ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. அதே ஆண்டு இதே குழு வெளியிட்ட இன்னொரு முடிவு இன்னும் வேதனையானது: ஆபத்து இருந்தும், தாய் நாய்கள் குட்டி போட மனிதக் குடியிருப்புகளின் அருகாமையையே நாடுகின்றன.

பசும்பால் என்னும் பொறி

பால் என்றால் எல்லாம் பால்தானே என்ற எண்ணத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. நாயின் பால் மிகக் கெட்டியானது. நூறு பங்கில் ஏறத்தாழ 9 பங்கு கொழுப்பு, 7 முதல் 8 பங்கு புரதம். பசும்பாலில் கொழுப்பு 4 பங்குக்குள், புரதம் 3 பங்குக்குச் சற்று மேல். சர்க்கரை விஷயத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை நாய்ப்பாலில் 3 முதல் 4 பங்கு, பசும்பாலில் 5 பங்குக்கு அருகில்.

இதன் விளைவு என்ன? தாயிடம் குடித்தால் கிடைக்கும் சக்தியைப் பசும்பாலில் பெற, குட்டி இரண்டு மடங்குக்கு மேல் குடிக்க வேண்டும். அப்படிக் குடித்தால் அதன் குடலுக்குள் போகும் லாக்டோஸ் ஏறக்குறைய மூன்று மடங்கு. லாக்டோஸைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். பால் மறக்கும் பருவத்தில் அந்த நொதி குறைந்துகொண்டே வரும். செரிக்காத சர்க்கரை குடலில் தங்கி, தண்ணீரை இழுத்து, நுரைத்துக் கழிசலாக வெளியேறுகிறது. இவ்வளவு சிறிய குட்டிக்கு இரண்டு நாள் கழிசல் என்பது உயிர்ப் பிரச்சினை. உடம்பில் உள்ள நீர் வற்றிவிடும்.

செரிக்கட்டும் என்று பாலில் தண்ணீர் கலப்பது இன்னும் மோசம். இருக்கிற கொஞ்சச் சத்தும் நீர்த்துப் போகும், வயிறு மட்டும் உப்பும். சர்க்கரை போட்டுக் கொடுப்பது, குளுக்கோஸ் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுப்பது எல்லாமே இந்த வகைதான். ஆட்டுப்பால் தேவலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதிலும் லாக்டோஸ் நாயின் பாலில் இருப்பதைவிட அதிகமே. தாயை இழந்த இளங்குட்டிகளுக்காக நாய்ப்பாலின் அளவுகளை ஒட்டித் தயாரித்த பால் மாவு கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. தாய் உயிரோடு இருந்தால் அதுவும் தேவையில்லை. குட்டிக்கு வைக்கும் பாலின் செலவில் தாய்க்கு வயிறாரச் சாப்பாடு போட்டாலே போதும். மூன்றாவது, நான்காவது வாரங்களில்தான் பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும். ஈற்று பெரிதாக இருந்தால் தாய்க்கு வழக்கத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை தீனி தேவைப்படும். எலும்பும் தோலுமாக அலையும் தாயை விரட்டிவிட்டுக் குட்டிகளுக்குப் பால் வைப்பது, வேரை விட்டுவிட்டு இலைக்குத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

தாய் போடும் கணக்கு

பால் மறக்கடிக்கும் வேலையைத் தாயே தொடங்கிவிடுகிறது. பத்து முதல் பதினான்கு நாளில் குட்டி கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் காது கேட்கும், ஈறைக் கிழித்துப் பால் பற்கள் எட்டிப் பார்க்கும். ஊசி முனை போன்ற அந்தப் பற்கள் மடியில் பட்டால் தாய்க்கு வலிக்கும். அதுவரை படுத்துக்கொண்டு பால் கொடுத்த நாய் நின்றபடி கொடுக்க ஆரம்பிக்கும். பிறகு கொடுத்துக்கொண்டே நகரும். உறுமும். குட்டிகள் ஏற முடியாத உயரத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இதைப் பார்த்து 'தாய்க்குப் பாசம் போய்விட்டது' என்று வருந்துபவர்கள் உண்டு. ராபர்ட் டிரிவர்ஸ் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர் 1974ல் இதற்கு ஒரு கோட்பாடே வகுத்தார். குட்டிக்கு முடிந்தவரை அதிகம் வேண்டும், தாய்க்கு அடுத்த ஈற்றுக்கும் உடம்பில் தெம்பு வேண்டும். ஆகவே பால் மறக்கும் காலத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் பிணக்கு வருவது இயல்பு என்பது அதன் சாரம். வங்காளத்து ஆய்வாளர்கள் தெருவில் கண்டதும் அதுதான். மனிதர்கள் போடும் உணவைக் குட்டிகளுக்கு விட்டுக்கொடுத்த தாய், நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் விட்டுக்கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு போட்டிக்கு வந்துவிடுகிறது. குட்டிகளும் சளைத்தவை அல்ல. தன் தாய் மறுத்தால் பக்கத்தில் பால் சுரக்கும் வேறொரு நாயின் மடியில் திருட்டுத்தனமாக வாய் வைப்பதையும் இதே குழு 2017ல் பதிவு செய்தது.

தாய் செய்யும் இன்னொரு காரியம் பலருக்கு அருவருப்பாக இருக்கும். தான் தின்றதைக் குட்டிகள் முன் கக்கிவிடும், குட்டிகள் ஓடிவந்து அதைத் தின்னும். நோய் என்று பயந்து உடனே கழுவிவிடுகிறார்கள். ஓநாய்க் குடும்பத்திலிருந்து வந்த பழக்கம் இது. பாதி செரித்த, வெதுவெதுப்பான, கூழான உணவு. இதைவிடப் பொருத்தமான முதல் சோறு குட்டிக்கு வேறு இல்லை. மனிதர்கள் தயாரிக்கும் உணவும் இதே பதத்தில், இதே சூட்டில் இருக்க வேண்டும் என்பதற்குத் தாய் காட்டும் செய்முறை விளக்கமாகவே இதை எடுத்துக்கொள்ளலாம்.

கஞ்சி, கூழ், சோறு

படிப்படியாக மாற்றுவது எப்படி என்பதற்குக் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. தமிழர் அடுக்களையில் பழகிய பதங்களே போதும்: முதலில் கஞ்சி, பிறகு கூழ், பிறகு குழைந்த சோறு, கடைசியில் சோறு.

மூன்றரை வாரம் முதல் நான்கு வாரத்துக்குள், குட்டி தட்டுத் தடுமாறாமல் நிற்க ஆரம்பித்ததும் தொடங்கலாம். விளிம்பு தாழ்ந்த தட்டு வேண்டும். ஆழமான கிண்ணம் ஆகாது. கஞ்சிப் பதத்தில், உடம்புச் சூட்டில், முதல் நாள் ஒரு குட்டிக்கு ஒரு தேக்கரண்டி அளவு போதும். விரலில் தொட்டு உதட்டில் தடவினால் நக்கக் கற்றுக்கொள்ளும். மூக்கைத் தட்டுக்குள் அழுத்தக் கூடாது. கஞ்சி மூச்சுக் குழலுக்குள் போனால் நிமோனியா வரும். உணவு வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தாயை அப்புறப்படுத்தினால்தான் குட்டிகளுக்குப் பசி எடுக்கும். தின்று முடித்ததும் தாயை விடலாம். தட்டையும் குட்டிகளையும் அது நக்கித் துடைத்துவிடும், மேற்கொண்டு பாலும் கொடுக்கும். முதல் சில நாள்களில் குட்டிகள் தின்றதைவிட மிதித்ததும் பூசிக்கொண்டதும்தான் அதிகமாக இருக்கும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாவது வாரத்தில் கூழ்ப் பதம், நாளைக்கு நான்கு வேளை. ஆறாவது வாரத்தில் கையால் பிசைந்த குழைந்த சோறு. ஏழு, எட்டு வாரங்களில் குட்டி தாய்ப்பால் இல்லாமலே நிற்கும். கஞ்சி வைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே தாழ்ந்த பாத்திரத்தில் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். திட உணவு உள்ளே போகப் போகத் தண்ணீர்த் தேவையும் ஏறும். ஒரு பதத்திலிருந்து அடுத்ததற்குப் போக மூன்று நான்கு நாள் எடுத்துக்கொள்ள வேண்டும். வயிறு இளகினால் ஒரு படி கீழே இறங்கி, தேறியதும் மறுபடி ஏற வேண்டும்.

குட்டி தேறுகிறதா என்று தெரிந்துகொள்ள வீட்டுத் தராசே போதும். வளர்ந்தபின் நாய் எத்தனை கிலோ இருக்குமோ, அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் எடை கூட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நம் நாட்டு நாய் 15 கிலோ வரும் என்று வைத்துக்கொண்டால், குட்டி தினம் 30 முதல் 60 கிராம் ஏற வேண்டும். எடை ஏறாத குட்டி கூட்டத்தில் ஒதுக்கப்படுகிறது என்று அர்த்தம். பெரிய ஈற்றில் ஒரே தட்டு வைத்தால் வலுத்த இரண்டு தின்று கொழுக்கும், இளைத்தது இளைத்துக்கொண்டே போகும். இரண்டு மூன்று தட்டுகள் வைத்தால் இந்தச் சண்டை பாதி குறையும்.

தாய்க்கும் இது மாற்றத்தின் காலம். குட்டிகளைத் திடீரென்று ஒரே நாளில் பிரித்தால் மடியில் பால் கட்டி வீங்கி, சீழ் பிடிக்கும். குட்டிகள் குடிப்பது குறையக் குறைய, தாய்க்குக் கொடுத்த கூடுதல் தீனியையும் குறைத்துக்கொண்டு வந்தால் பால் தானாக வற்றும்.

சைவ அடுக்களையில்

பதம் சரி, தட்டில் என்ன போடுவது? கல்பாத்தி போன்ற ஊரில் இது நடைமுறைக் கேள்வி. இறைச்சியும் முட்டையும் நுழையாத அடுக்களைகளிலிருந்து தெருவுக்கு வருவது சோறு, தயிர், பருப்பு. இதில் ஒரு நாய்க்குட்டி வளர முடியுமா?

பாதி முடியும் என்கிறது அறிவியல். 2013ல் 'நேச்சர்' இதழில் வந்த சுவீடன் விஞ்ஞானிகளின் ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்களைவிட நாய்களிடம் பல மடங்கு பிரதிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதன் பயிரிட்டு உண்ணத் தொடங்கியபோது அவன் எச்சிலைத் தின்னும் வயிறு நாய்க்கும் வாய்த்தது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் சிப்பிப்பாறை போன்ற நாட்டு இனங்கள் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் குடித்து வளர்ந்ததும் இதனால்தான்.

நாக்கின் ருசியும் பிறவியிலேயே வருவதல்ல. வளர்ந்த தெருநாய்கள் இறைச்சி வாடை வீசும் பக்கமே முதலில் திரும்பும். ஆனால் குட்டிகளுக்கு அந்த விருப்பம் பிறப்பில் இல்லை என்பதை பத்ராவின் குழு 2014ல் சோதித்துக் காட்டியது. எது கிடைக்கிறதோ அதைத் தின்று, பிறகே தரம் பிரிக்கப் பழகுகின்றன. தயிர்ச்சாதத்தில் பால் மறந்த குட்டி தயிர்ச்சாதத்தை ஆவலோடு தின்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

தின்பது வேறு, வளர்வது வேறு. வளரும் குட்டியின் உணவில், ஈரத்தை நீக்கிப் பார்த்தால், நூறில் 22 பங்குக்குக் குறையாமல் புரதம் இருக்க வேண்டும். வெறும் சோற்றில் இது 8 பங்கைத் தாண்டாது. சோறும் தயிரும் சரிபாதி கலந்தால் 15 பங்கு வரலாம். பாலைவிடத் தயிர் மேல் என்பதில் சந்தேகமில்லை. உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன. ஆனாலும் தயிர்ச்சாதம் மட்டுமே தின்று வளரும் குட்டி, வயிறு பெருத்து, கால் வளைந்து, மயிர் மங்கி நிற்கும். 100 கிராம் சோற்றில் இரண்டு வேகவைத்த முட்டையை மசித்தால் புரதக் கணக்கு நேராகிவிடும். முட்டையும் கூடாது என்னும் வீடுகளில் பனீர், நன்றாகக் குழைந்த பருப்பு, சோயா ஆகியவற்றைச் சேர்க்கலாம். குட்டிகளுக்கென்றே கடையில் கிடைக்கும் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுப்பது இன்னும் சுலபம். சைவத்தில் மட்டும் வளர்ப்பதென்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டு வகுத்த உணவாக இருக்க வேண்டும்.

பலரும் மறப்பது சுண்ணாம்புச் சத்தை. சோற்றிலும் குறைவு, எலும்பு நீக்கிய இறைச்சியிலும் குறைவு. 'கோழிக்கறியே போடுகிறோம், இருந்தும் கால் வளைந்துவிட்டது' என்று மருத்துவமனைக்கு வரும் குட்டிகளின் குறை பெரும்பாலும் இதுதான். மருத்துவர் சொன்ன அளவில் கால்சியம் சேர்த்தால் போதும். அளவு மீறினால் பெரிய இனக் குட்டிகளுக்கு அதுவும் எலும்பைக் கெடுக்கும்.

வைக்கக் கூடாதவற்றின் பட்டியல் விசேஷ நாள் இலையில் பாதியைத் தொடும். சாம்பாரில் கிடக்கும் உள்ளி, அது சின்னதோ பெரியதோ, நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சாக்லெட் இதயத்தைத் தாக்கும். ஊறுகாயின் உப்பும் காரமும் குட்டியின் வயிற்றுக்கு ஆகாது. அசைவ வீடுகளுக்கும் ஒரு விலக்கு உண்டு: வெந்த கோழி எலும்பு. அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

கழிசலுக்குக் காரணம் எது?

முறையாகக் கஞ்சி வைத்தும் குட்டிகள் கழிவது உண்டு. பழி உணவின் மேல் விழும். உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. உருண்டைப் புழுக்கள் தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் நுழைந்துவிடும், கொக்கிப் புழுக்கள் தாய்ப்பால் வழியே வரும். பால் மறக்கும் வேளையில் அவை முழு வளர்ச்சி அடைந்து குடலை அடைத்திருக்கும். குட்டியின் பானை வயிற்றைப் பார்த்து 'நன்றாகச் சாப்பிடுகிறது' என்று மகிழ்வது அறியாமை. இரண்டாவது வாரம் தொடங்கி எட்டாவது வாரம் வரை இரு வாரங்களுக்கு ஒருமுறை, எடைக்கு ஏற்ற அளவில் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குட்டிகளோடு மண்ணில் விளையாடும் குழந்தைகளையும் இந்தப் புழுக்கள் தொற்றும் என்பதால், மருந்து மனிதர்களுக்கான பாதுகாப்பும்கூட.

இன்னொரு எதிரி பார்வோ வைரஸ். 1970களின் இறுதியில் உலகில் தலைகாட்டி, சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்த நோய் இது. சீம்பால் மூலம் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி ஆறாவது வாரத்திலிருந்து மெல்லத் தேயும். நோயைத் தடுக்க அது போதாது, ஆனால் தடுப்பூசி வேலை செய்வதைத் தடுக்கும் அளவுக்கு மிச்சமிருக்கும். இந்த இடைவெளியில்தான் பார்வோ புகுந்து, ரத்தம் கலந்த நாற்றக் கழிசலாக வெளிப்பட்டு, இரண்டு மூன்று நாளில் ஓர் ஈற்றையே துடைத்துவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுத் தொடர் ஊசிகள் என்று அட்டவணை போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு ஊசி போட்டாயிற்று என்று நின்றுவிட்டால் பாதுகாப்பு இல்லை.

மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு வெறிநோய் வராது என்ற நம்பிக்கை உயிர்களைக் குடித்திருக்கிறது. பால் பல் கீறினாலும் கீறல்தான். உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குட்டிக்குச் சோறு வைக்கும் குழந்தைகளுக்குப் பெற்றோர் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் இது.

முப்பது நாள் வியாபாரம்

தெருக்குட்டிக்குப் பசி எதிரி என்றால், விலைக்குப் போகும் குட்டிக்கு அவசரம் எதிரி. கண் திறந்து, பந்துபோல் உருளும் ஒரு மாதக் குட்டிதான் வாங்குபவர் கண்ணுக்கு அழகு. விற்பவருக்கும் லாபம். இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தால் தீனிச் செலவு, மருந்துச் செலவு, ஊசிச் செலவு எல்லாம் அவர் தலையில். நாய் வளர்ப்பு மற்றும் விற்பனைக்காக மத்திய அரசு 2017ல் கொண்டுவந்த விதிகள் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதற்குத் தடை விதித்தன. சாலையோரக் கூடைகளிலும் வாரச் சந்தைகளிலும் விலை போகும் குட்டிகளின் பால் பற்களைப் பார்த்தால், விதி எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்று தெரியும்.

எட்டு வாரம் என்பது தீனிக்காக மட்டும் சொன்னதல்ல. உடன்பிறந்தவற்றோடு கடித்துப் புரண்டு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்ததற்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. இத்தாலியில் 140 நாய்களை ஒப்பிட்டு 2011ல் வெளியான ஆய்வில், 30 முதல் 40 நாளில் பிரிக்கப்பட்டவை இரண்டு மாதம் தாயோடு இருந்தவற்றைவிட அதிகமாகப் பயந்தன, குரைத்தன, தீனியைக் காக்கச் சீறின. ஒரு மாதக் குட்டியை வாங்கி வந்து, இரவெல்லாம் அழுகிறது என்று பசும்பால் ஊற்றி, கழிகிறது என்று தெருவில் விடுபவர்களும் இருக்கிறார்கள். வீட்டு நாய் தெருநாய் ஆவதற்கு இது சுருக்கு வழி.

அடுத்த ஈற்றுக்கு முன்

'குட்டிகளுக்குச் சோறு போட்டுப் பிழைக்க வைத்தால் தெருநாய் பெருகாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேரளத்தில் இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 2022ல் நாய்க்கடிச் சம்பவங்கள் மாநிலத்தையே உலுக்கி, அந்த ஆண்டு செப்டம்பரில் தெருநாய்களுக்குத் தடுப்பூசி இயக்கம் நடத்தும் நிலைக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன்பே, 2021 இறுதியில், கருத்தடைப் பணியைச் செய்துவந்த குடும்பஸ்ரீ அமைப்பு உயர் நீதிமன்ற உத்தரவால் அதிலிருந்து விலக நேர்ந்தது. 2023ல் பழைய கருத்தடை விதிகளுக்குப் பதிலாகப் புதியவை வந்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தெருநாய்களுக்குக் கண்ட இடத்தில் உணவிடாமல் அதற்கென்று ஒதுக்கிய இடங்களில் மட்டும் உணவிட வேண்டும் என்று உத்தரவிட்டது.

கேள்விக்குப் பதில் பால் மறக்கும் காலத்திலேயே இருக்கிறது. பெட்டை நாய் பொதுவாக ஆறேழு மாதங்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தாயைக் கருத்தடைக்குப் பிடித்துச் சென்றால் குட்டிகள் பட்டினியில் சாகும். குட்டிகள் சோற்றுக்கு மாறி, மடி வற்றிய பிறகு, அடுத்த பருவம் வருவதற்குள் கிடைக்கும் சில மாதங்களே அறுவைக்கு ஏற்றவை. ஐந்து வாரம் கூடவே இருந்து தட்டு வைத்தவர் கைக்கு அந்தத் தாய் பழகியிருக்கும். பயிற்சி பெற்றவர்கள் வலையோடு வரும்போது அதை அடையாளம் காட்டி நிற்க வைக்கக் கூடியவர் அவர் ஒருவர்தான். குட்டிகளுக்கு வீடு தேடித் தர, ஊசிக்குத் தூக்கிச் செல்லக் கூடியவரும் அவரே. மார்கழியில் தட்டு வைத்து, சித்திரைக்குள் தாயைக் கருத்தடைக்கு அனுப்பிவிட்டால், அடுத்த கன்னி மாதம் அந்தத் தெருவுக்கு ஓர் ஈற்று குறைவு.

தட்டு மட்டும் வைத்துவிட்டுத் தாயை அப்படியே விடுவதில் கருணை பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியையும் செய்ய மனமிருப்பவர்கள் கஞ்சியைக் கரைக்கலாம். மனமில்லாதவர்கள் குறைந்தபட்சம் அந்தப் பால் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.